முள் கீழே விழுந்த பிறகு: கோபியிலிருந்து மைசூருக்கு நான்கு நாள்

நவம்பர் 15, 2024, வெள்ளி – கோபி (கோபிசெட்டிபாளையம்), சத்தி (சத்தியமங்கலம்), பண்ணாரி

அக்காவுக்கு மைசூருக்கு மாற்றல் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. வீடு கிடைத்து, பால் காய்ச்சியாகிவிட்டது. மீதிச் சாமான்களை நான்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது முன்பே பேசி வைத்தது. வாடகை பிக்கப் ஓட்டுகிறவன் வீட்டில் இருக்கும்போது அக்கா சாமானை வேறு வண்டியில் ஏற்றுவார்களா? பீரோ, கட்டில் இரண்டு, கிரைண்டர், அரிசி மூட்டை மூன்று, தேங்காய் ஒரு மூட்டை, அம்மா கொடுத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஆட்டுக்கல். கூட வந்தது எங்கள் சின்ன மாமா. 67 வயது. முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர், இப்போது முழங்கால் வலியால் விட்டுவிட்டார், ஆனால் யாராவது நெடுந்தூரம் போகிறார்கள் என்று தெரிந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றுவிடுவார்.

லோடு ஏற்றும்போது வண்டியின் பின்பக்கத்தை வாசல் மேட்டில் ஏற்றி, மூக்கைக் கீழே பார்க்க வைத்து நிறுத்தியிருந்தேன். கனமான சாமானைத் தூக்க அதுதான் வசதி. சாவியைப் போட்டுப் பார்த்தபோது டீசல் முள் கால் டேங்கில் நின்றது. கணக்குப் போட்டேன்: இங்கிருந்து சாம்ராஜ்நகர் சுமார் 100 கிலோமீட்டர், மலையைச் சேர்த்தாலும் பத்து லிட்டருக்குள் அடங்கும். அப்போது நம் பக்கம் டீசல் லிட்டர் 93 ரூபாயை ஒட்டி, எல்லை தாண்டினால் 89 ரூபாயை ஒட்டி. 50 லிட்டர் போட்டால் 200 ரூபாய் மிச்சம். இந்த வழியில் ஓடுகிற எல்லாரும் செய்கிற கணக்குதான் இது. போகும்போது வெறும் டேங்க், வரும்போது நிறைய. வண்டித் தவணை கட்டுகிறவனுக்கு 200 ரூபாய் சின்னக் காசு கிடையாது.

சத்தி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது மாமா சொன்னார், “மாப்ளே, ஒரு ஐநூறுக்கு ஊத்திக்கலாம் கண்ணு. மலையேறப் போறோம்.”

“வேண்டாங்க மாமா, அந்தப் பக்கம் போயி முழுசா போட்டுக்கலாங்க.”

அவர் மறுபடி சொல்லவில்லை. அவர் எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இன்னொரு முறை இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது, அரிசி மூட்டை நனைந்தால் அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியாது. அதில் அரை மணி நேரம் போனது. பண்ணாரி சோதனைச் சாவடிக்கு வந்து சேர்ந்தபோது மணி 6.20. சரக்கு வண்டிகளை மாலை 6 மணியோடு நிறுத்திவிடுகிறார்கள், காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். கார்களுக்கு இரவு 9 வரை வழி உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10-லிருந்து இப்படித்தான், ராத்திரியில் வண்டியில் அடிபட்டுக் காட்டு விலங்குகள் சாகின்றன என்பதற்காக. நல்ல காரணம்தான், குறை சொல்ல மாட்டேன். என் இருபது நிமிடம்தான் போயிற்று.

வண்டியை ஓரம் கட்டினோம். எங்களுக்கு முன்னால் ஏற்கெனவே நாற்பது ஐம்பது லாரிகள் நின்றன. கோயிலை ஒட்டிய கடையில் நாலு இட்லி 40 ரூபாய், தக்காளிச் சட்னி நல்ல காரம். மழை விட்டதும் மேகம் கிழிந்து முழு நிலா வந்தது, அன்று பௌர்ணமி. மலை முழுக்கக் கருநீலமாக, மேலே திம்பம் ரோட்டில் கார் வெளிச்சம் ஒன்று வளைந்து வளைந்து ஏறிப் போவது தெரிந்தது. பக்கத்தில் நின்ற தக்காளி வண்டிக்காரர், தாளவாடிக்குக் காலிப் பெட்டி கொண்டுபோகிறவர், தன் கோரைப்பாயில் பாதியை மாமாவுக்கு விட்டுக்கொடுத்தார். முழங்கால் வலி என்று மாமா சொல்லவே இல்லை. அவர் நடக்கிற நடையைப் பார்த்தே, பாயை வண்டி நிழலில் மேடு இல்லாத இடமாகப் பார்த்து விரித்தார். காலையில் பேர் கேட்கலாம் என்றிருந்தேன், கேட்காமலே பிரிந்தோம்.

நவம்பர் 16, சனி – திம்பம், ஆசனூர், காரப்பள்ளம், புணஜனூர்

கார்த்திகை ஒன்று. நாலரை மணிக்கே கோயிலில் சரண கோஷம். பவானிசாகர் பக்கமிருந்தும் சத்தியிலிருந்தும் மாலை போட வந்தவர்கள் ஈர வேட்டியோடு வரிசையில் நின்றார்கள், ஒரு பையனுக்கு ஏழு வயதுகூட இருக்காது, குளிரில் பல் கிட்டித்துக்கொண்டே சரணம் சொன்னான். மாமா போய்க் கும்பிட்டுவிட்டு வந்து, வண்டிக்கும் திருநீறு வைத்தார்.

ஆறு மணிக்குக் கேட் திறந்தது. 27 கொண்டை ஊசி வளைவு. இந்த மலையை நான் குறைந்தது அறுபது தடவை ஏறியிருக்கிறேன், ஒரு தடவைகூட எனக்கு அலுத்ததில்லை. ஆனால் சனிக்கிழமை ஏறியதை ஏறியது என்றே சொல்ல முடியாது. ஒன்பதாவது வளைவுக்கு மேல் ஒரு பெரிய லாரி திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு அடி, பின்னால் அரை அடி என்று ஒரு மணி நேரத்துக்கு மேல். நாங்கள் சரிவில் நிற்கிறோம், பின்னால் பஸ், முன்னால் லாரி. இஞ்சினை அணைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி லோடோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. பத்தடி நகரும், நிற்கும், மறுபடி முதல் கியர், மறுபடி கிளட்ச் வாசனை.

இருபதாவது வளைவை நெருங்கும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்த இரண்டு வளைவுக்குள் முள் அடியில் படுத்துவிட்டது. கீழே மேகம் பள்ளத்தாக்கை மூடியிருந்தது, எதிரே வருகிற வண்டியின் ஹாரன்தான் கேட்டது, ஆள் தெரியவில்லை. வியர்த்தது எனக்கு, அந்தக் குளிரிலும்.

மாமா முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மேடேறும்போது அது அப்படித்தான் காட்டும். மேல போயி சமதரையில பாரு” என்றார்.

அவர் சொன்னது சரிதான், அதில்தான் நான் ஏமாந்தேன். டேங்குக்குள் ஒரு மிதவை கிடக்கிறது. டீசலோடு சேர்ந்து அது ஏறி இறங்கும், அதன் கம்பி ஒரு ரெசிஸ்டன்ஸ் தகட்டில் உராயும், அதைத்தான் மீட்டர் முள் நமக்குக் காட்டுகிறது. என் வண்டியில் மிதவை முன்பக்கம் தள்ளி இருக்கிறது. வண்டி மூக்கைத் தூக்கினால் டீசல் பின்னால் ஓடிவிடும், முள் இறங்கும். மூக்கு கீழே பார்த்தால் டீசல் முன்னால் வந்து சேரும், முள் ஏறும். இரண்டு வருடமாக ஓட்டுகிற வண்டி, இது எனக்குத் தெரியாதா? தெரியும். அப்படியானால் வெள்ளிக்கிழமை எங்கள் வாசல் மேட்டில், மூக்கு கீழே பார்த்து நின்ற வண்டியில் முள் காட்டிய கால் டேங்கு எவ்வளவு உண்மை? இந்தக் கேள்வி திம்பம் உச்சியில் டீக்கடை முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு வந்தது. டீ 15 ரூபாய். பாதிதான் குடித்தேன்.

சமதரைக்கு வந்ததும் முள் ஒரு கோடு ஏறியது, மஞ்சள் விளக்கும் அணைந்தது. அங்கிருந்து ஆசனூர் வரை கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் இறக்கம், இரண்டு பக்கமும் காடு. இறக்கம் வந்த ஓரிடத்தில் டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலுக்குத் தள்ளினேன். மாமாவின் கை வந்து கியர் தண்டின் மேல் உட்கார்ந்தது.

“கியர்ல போ.”

பழைய லாரிக்காரர்கள் இதை உயிர்ப் பாடமாகச் சொல்வார்கள். நியூட்ரலில் இறக்கத்தில் போனால் இஞ்சின் பிடி இல்லாமல் பிரேக் மட்டுமே தாங்கவேண்டும், சூடேறினால் அதுவும் கைவிடும். நம் வண்டிகளுக்கு இன்னொன்றும் உண்டு. இப்போதைய காமன் ரெயில் இஞ்சின்களில் (பெரிய அழுத்தத்தில் டீசலைக் கம்ப்யூட்டர் அளந்து பாய்ச்சுகிறவை), கியரில் இருந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் டீசல் பாய்வதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும், சக்கரம்தான் இஞ்சினைச் சுற்றவைக்கும். நியூட்ரலில் போனால் இஞ்சின் அணையாமல் இருப்பதற்காகவாவது கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் செய்ததில் செலவும் கூட, ஆபத்தும் கூட.

ஆசனூரில் மாமா, “இங்க விசாரிச்சு ஒரு அஞ்சு லிட்டர் வாங்கிரலாமா?” என்றார். இது இரண்டாவது தடவை. இரண்டு தடவை சொல்ல மாட்டார் என்று மேலே எழுதினேன், சொன்னார். முள் ஒரு கோடு மேலே நின்றது, விளக்கு எரியவில்லை. போய்விடலாம் என்றேன்.

காரப்பள்ளம் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் வரிசை நின்றது. யானை. தாளவாடிப் பக்கமிருந்து கரும்பு லாரிகள் ஆலைக்கு இந்த வழியாகத்தான் வருகின்றன. விழுகிற கரும்பைத் தேடி வந்து வந்து, யானைகளுக்கு ரோட்டோரம் நிற்பது பழக்கமாகிவிட்டது. ஒரு தாயும் குட்டியும். எதிரே நின்ற கரும்பு லாரியின் பக்கவாட்டில் தாய் தும்பிக்கையை வைத்து ஒரு கட்டை உருவியது, அவ்வளவு மெதுவாக, சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்க்கிற மாதிரி. அதைக் காலில் மிதித்துப் பிளந்து குட்டியின் பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்ததை உருவியது. லாரி டிரைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எங்களுக்கும் அதற்கும் நடுவே மூன்று வண்டிதான்.

இஞ்சினை அணைக்கலாமா வேண்டாமா? அணைத்தால் டீசல் மிஞ்சும். ஆனால் யானை நம் பக்கம் திரும்பினால் உடனே பின்னால் எடுக்க வேண்டும், அப்போது ஸ்டார்ட் ஆகாவிட்டால்? நாற்பது நிமிடம் ஓடவிட்டேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. வனத்துறை ஆட்கள் ஜீப்பில் வந்து சத்தம் கொடுத்த பிறகு தாய் குட்டியை வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டு புதருக்குள் இறங்கியது. போகும்போதும் ஒரு கரும்பை விடவில்லை.

சாவடி தாண்டி, கர்நாடக எல்லைக்குள் புணஜனூரும் தாண்டியது. ராஜ்யோத்சவ மாதம், அதாவது கர்நாடக மாநிலம் உருவான நாளைக் கொண்டாடுகிற மாதம் என்பதால் கடைகளிலும் ஆட்டோக்களிலும் மஞ்சளும் சிவப்புமாகக் கொடிகள். காடு முடிந்து கேழ்வரகு வயல்கள் ஆரம்பித்தன, கதிர் முற்றிப் பழுப்பேறி நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போது வண்டி ஒரு தடவை இழுத்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏறவில்லை. இன்னொரு இழுப்பு, இருமல் மாதிரி. ஒரு புளியமரத்தடி வரைக்கும் உருண்டு வந்து நின்றது. முள் அப்போதும் அடிக்கு ஒரு மயிரிழை மேலே இருந்தது.

பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஊற்றியதும் ஓடும். டீசல் வண்டி காய்ந்து நின்றால் குழாய் முழுக்கக் காற்று பிடித்துக்கொள்ளும். டீசலை ஊற்றினால் மட்டும் போதாது, ஏர் எடுக்க வேண்டும். மாமா இறங்கி, ரோட்டைத் தாண்டி, வயலோரத்தில் நின்ற டிராக்டரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

டிராக்டர்காரருக்கும் மாமா வயதுதான் இருக்கும். தலையில் துண்டு, காலில் சேறு. எல்லை ஊர்க்காரர், தமிழ் நன்றாகவே பேசினார், நடுநடுவே கன்னடம் வந்து விழும். “டீசல் காலியாயித்தா?” என்றார் முதலில். அப்புறம், “ஊட்டா ஆயித்தா?” சாப்பிட்டாயிற்றா என்று. அதைக் கேட்டு அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை, வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்துவிட்டார்.

நான் பத்து லிட்டர் கேட்டேன். அவர் டிராக்டர் மட்கார்டில் செருகியிருந்த ஒரு குச்சியை உருவினார். மூங்கில் குச்சி, முழ நீளம் இருக்கும், பிடித்துப் பிடித்து வழவழப்பாகிவிட்டது. டேங்க் மூடியைத் திறந்து அதை நேராக உள்ளே இறக்கி எடுத்தார். குச்சியில் கத்தியால் வெட்டிய கீறல்கள். நனைந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து, கீறல்களை எண்ணினார். டிராக்டர் மீட்டர் கெட்டுப்போய் எத்தனையோ வருடமாம், மாற்றவேயில்லை. “அஞ்சு தர்றேன். அதுக்கு மேல குடுத்தா சாயங்காலம் உழவு நிக்கும்” என்றார். எனக்கு எவ்வளவு தரலாம், தனக்கு எவ்வளவு வேண்டும் என்று அவருக்குச் சொட்டுக் கணக்காகத் தெரிந்திருந்தது. நான் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒரு முள்ளை நம்பிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவர் பேரன் ஒரு டியூபை டேங்குக்குள் விட்டு வாயால் உறிஞ்சினான், ஒரு மடக்கு டீசல் வாயில் போய் துப்பினான், கேனில் மஞ்சளாக இறங்க ஆரம்பித்தது. எங்கள் டேங்கில் ஊற்றும்போது புனலுக்கு மேல் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வைத்து வடிகட்டினார்கள், நான் கேட்காமலேயே.

ஏர் எடுக்கிற வேலையை மாமாவே செய்தார். பில்டர் தலையில் கை பம்ப் இருக்கிறது. ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்று தளர்த்திவிட்டு நான் பிடித்துக்கொள்ள, அவர் அமுக்கினார். முதலில் புஸ் என்று காற்று. அப்புறம் சோப்பு நுரை மாதிரி டீசல். அமுக்க அமுக்க நுரை குறைந்து, குமிழி ஒன்றிரண்டாகி, கடைசியில் குமிழியே இல்லாமல் கண்ணாடியாக வழிந்தது. “ம், இறுக்கு” என்றார். ஸ்டார்ட் ஆகவில்லை. அவர் கை பழக்கத்தில் இன்ஜெக்டர் பைப் நட்டுப் பக்கம் போனது, பழைய லாரிகளில் அங்கே தளர்த்தித்தான் மீதிக் காற்றை எடுப்பார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். காமன் ரெயிலில் அந்தப் பைப்புக்குள் அழுத்தம் 1000 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தை அளக்கிற அலகு) மேல் போகும், இஞ்சின் சுற்றும்போது அதைத் தளர்த்தினால் பீய்ச்சி அடிக்கிற டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். “அப்படியா கண்ணு” என்று உடனே கையை எடுத்துக்கொண்டார். மறுபடி பம்ப், மறுபடி ஸ்க்ரூ. தொடர்ந்து செல்ஃப் அடிக்காமல் பத்து எண்ணுகிற நேரம் அடித்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி. மூன்றாவது தடவை திணறி, குலுங்கி, பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

திண்ணையில் உட்காரவைத்து ராகிக் களி போட்டார்கள். உருண்டை ஒன்று என் இரண்டு கை அளவு, நடுவே குழித்துக் கீரைச் சாறு. எங்கள் வீட்டுக் களியைவிட இறுக்கம், மெல்லக்கூடாது, சாற்றில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். மாமா இரண்டு உருண்டை சாப்பிட்டார்.

500 ரூபாய் நீட்டினேன். பெரியவர், “89, அஞ்சு லிட்டர், 445” என்று சொல்லி, களி போட்ட வீட்டு அம்மாவைப் பார்த்தார். அவர் உள்ளே போய் 55 ரூபாயை எண்ணிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். ஐந்து ரூபாய் நாணயம் உட்பட. வைத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, “டீசல்தான் குடுத்தேன், வியாபாரமா பண்ணினேன்?” என்றார் பெரியவர். களிக்குக் காசு என்ற பேச்சை எடுக்கவே எனக்குத் துணிவில்லை. கேன் பாதி வழியில் தேவைப்படலாம் என்று அதையும் கையில் கொடுத்துவிட்டார், திரும்பி வரும்போது கொடுத்தால் போதும் என்று.

சாம்ராஜ்நகரில் டேங்கை நிரப்பினேன். மைசூர் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

நவம்பர் 17, ஞாயிறு – மைசூர்

சாமான் இறக்கியதும் தூக்கம்தான். ஆட்டுக்கல்லை இரண்டாம் மாடிக்கு ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டது. கீழ் வீட்டு மனிதரும் அவர் மகனும் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு வந்து கைகொடுத்தார்கள்.

மத்தியானம் மசாலா தோசை, உள்ளே சிவப்புச் சட்னி தடவி மேலே வெண்ணெய்க் கட்டி, 70 ரூபாய். தேவராஜ மார்க்கெட்டில் நஞ்சன்கூடு ரசபாளெ வாழைப்பழம் கேட்டோம், ஒரே ஒரு கடையில் இருந்தது, விலை கேட்டதும் அக்கா என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ராத்திரி ஏழு மணிக்கு அரண்மனையில் ஏறத்தாழ 1 லட்சம் பல்பு எரிந்தது. மாமா அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். இத்தனை வருடம் மைசூருக்கு லோடு கொண்டு வந்தும், ஊருக்குள் லாரி விடுகிற நேரம் முடியுமுன் இறக்கிவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்ததால் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். அதை எனக்கு இதுவரை சொன்னதும் இல்லை.

நவம்பர் 18, திங்கள் – மைசூர், சாம்ராஜ்நகர், வீடு

கிளம்புமுன் டீசல் பில்டரை மாற்றினேன். மெக்கானிக் பழைய பில்டரில் இருந்ததை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வெயிலில் தூக்கிக் காட்டினார். மேலே டீசல், அதற்குக் கீழே நீர் ஒரு விரற்கடை, அடியில் காபித்தூள் மாதிரிக் கருப்பாக மண்டி. டேங்கின் அடியில் வருடக்கணக்காகத் தங்கியிருந்தது, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும்போது எல்லாம் கிளம்பி வந்துவிட்டது. “பம்ப்புக்கு டீசல்தான் ஆயில். அது காய்ஞ்சு சுத்துனா உள்ள ராவிரும். இந்தத் தடவை பிழைச்சுது” என்றார். பில்டரும் கூலியும் 900 ரூபாய்.

கேனை நிரப்புவதற்கு மூன்று பங்க் ஏறினேன். இரண்டில் பிளாஸ்டிக் கேனில் தரமாட்டோம் என்று விட்டார்கள். மூன்றாவதில் டிராக்டருக்கு என்று சொன்ன பிறகு ஐந்து லிட்டர் கொடுத்தார்கள்.

ஒரு மணிவாக்கில் அந்தப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். பெரியவர் வயலில்தான் இருந்தார், எங்களைப் பார்த்ததும் கை கழுவிவிட்டு வந்தார். கேனை வாங்கிக் கனம் பார்த்தவர் முகம் சுருங்கியது. காலிக் கேன்தானே கேட்டேன் என்று சொல்லிவிட்டு, வேட்டித் துணியை மடித்துப் புனலில் வைத்து டிராக்டரில் ஊற்றினார். குச்சியை இறக்கினார், நகத்தை வைத்துப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். அப்புறம் வீட்டுப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அந்த அம்மா 445 ரூபாயோடு வந்தார்.

நான் பின்னால் நகர்ந்தேன். மாமா, “வாங்கிக்க மாப்ளே” என்றார், கொஞ்சம் அழுத்தி. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அக்கா கொடுத்துவிட்ட மைசூர் பாகுப் பெட்டியை மட்டும் அந்தப் பையனிடம் கொடுத்தோம், அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் களி. அன்றைக்கு அவரைக்காய்ச் சாறு.

மலை இறங்க ஆறு மணிக்குள் பண்ணாரி போக வேண்டும் என்று எழுந்தோம். பெரியவர் வண்டி வரைக்கும் வந்தார். முள் எங்கே நிற்கிறது என்று கேட்டார். முக்காலுக்கு மேல் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, குனிந்து, வண்டிக்கு அடியில் கையை விட்டு டேங்கை விரல் மூட்டால் தட்டினார். கீழே ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று. காதைக் கொடுத்துக் கேட்டார். மேலே தட்டும்போதுதான் சத்தம் மாறியது.

“சரி, ஈக ஹோகி” என்றார். இப்போது போங்கள்.